வராத பாஸுக்குக் கட்டம் இல்லை: செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ், 1961-62

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் கறுப்பின வீரர்கள் நுழைந்த கதையை எழுதுபவர்கள் 1950-ல் தொடங்கி, அப்படியே பாஸ்டன் அணியின் பில் ரஸ்ஸல் வென்ற கோப்பைகளுக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கிறது. கதவு திறந்தாகிவிட்டது, ஆனால் உள்ளே எத்தனை பேர் இருக்கலாம், எந்த இடத்தில் ஆடலாம், பந்து எவ்வளவு நேரம் கையில் இருக்கலாம் என்பதெல்லாம் யாரும் தாளில் எழுதாத ஒரு கணக்குப்படி நடந்த காலம் அது. அந்தக் கணக்கு எப்படி வேலை செய்தது என்பதை ஒரே அணியின் ஒரே சீசனை வைத்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

சம்பவத்தின் மையத்தில் இருந்தவர்களைப் பெயர் சொல்லாமல், அவரவர் பொறுப்பால் குறிப்பிடுகிறேன்: புதுவீரர், பயிற்சியாளர், உரிமையாளர், மூன்று நட்சத்திரங்கள். பலர் இன்று உயிரோடு இல்லை. யார் மனதில் என்ன இருந்தது என்று தீர்ப்பு எழுத என்னிடம் எதுவும் இல்லை. நடந்தது என்ன என்பதைச் சொல்ல முடியும்.

பின்னணி

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் முதல் மூன்று கறுப்பின வீரர்கள் 1950-ல் வந்தார்கள். அவர்களில், கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் டிராஃப்டில் முதலில் தேர்வானவர் சக் கூப்பர், எடுத்தது பாஸ்டன் செல்டிக்ஸ். நியூயார்க் நிக்ஸ் அணியில் நாட் கிளிஃப்டன். களத்தில் முதலில் இறங்கியவர் வாஷிங்டனின் ஏர்ல் லாய்ட். தேதி 1950 அக்டோபர் 31. அதுவரை நல்ல கறுப்பின வீரர்களுக்கு இருந்த பெரிய வாய்ப்பு, கறுப்பின வீரர்களைக் கொண்டு ஊர் ஊராகப் போய் ஆடிய ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணிதான். அந்த அணி வந்து ஆடினால்தான் பல என்.பி.ஏ. அரங்குகள் நிறையும். ஆகவே அதன் முதலாளியைப் பகைத்துக்கொள்ள மற்ற உரிமையாளர்கள் தயங்கினார்கள். நிறம் ஒரு காரணம் என்றால், டிக்கெட் வசூல் இன்னொரு காரணம்.

கதவு திறந்த பிறகு வந்தது எண்ணிக்கைக் கட்டுப்பாடு. விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. ஆனால் உள்ளூர் ஆட்டத்தில் இரண்டு கறுப்பர், வெளியூரில் மூன்று, பின்தங்கினால் ஐந்து என்று வீரர்கள் கசப்போடு பேசிக்கொண்டார்கள். 1961-62 சீசனில் லீக்கில் ஒன்பது அணிகள்தான். நாடு முழுவதற்கும் சேர்த்து நூறு வேலை போல. அதில் வில்ட் சேம்பர்லின், எல்ஜின் பெய்லர், ஆஸ்கர் ராபர்ட்சன் மாதிரியான கறுப்பின நட்சத்திரங்கள் இருந்தார்கள். அந்த சீசனில் சேம்பர்லினின் சராசரி ஆட்டத்துக்கு 50.4 புள்ளி. அவர்களை யாராலும் ஒதுக்க முடியாது. ஆறாவது, எட்டாவது, பத்தாவது இடங்கள் யாருக்கு என்பதில்தான் கட்டுப்பாடு கடித்தது. நட்சத்திரமாகவும் இல்லாமல், வெள்ளையராகவும் இல்லாமல் இருப்பவருக்கு பெஞ்சில்கூட இடம் கிடைப்பது கடினம்.

இந்த ஆய்வின் களம் செயின்ட் லூயிஸ். ஹாக்ஸ் அணி 1955-ல் மில்வாக்கியிலிருந்து அங்கே வந்தது. 1956 டிராஃப்டில் பில் ரஸ்ஸலை எடுக்கும் உரிமை இந்த அணியின் கையில் இருந்தது. இரண்டு வெள்ளை வீரர்களை வாங்கிக்கொண்டு அவரை பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டது. வந்த இருவரும் நல்ல ஆட்டக்காரர்கள், ஒருவர் உள்ளூர் செல்லப்பிள்ளை. 1958-ல் ஹாக்ஸ் கோப்பையும் வென்றது. ஒரு கறுப்பின வீரர்கூட இல்லாமல் என்.பி.ஏ. கோப்பை வென்ற கடைசி அணி அதுதான். ரஸ்ஸலோ பாஸ்டனில் 13 சீசனில் 11 கோப்பை வென்றார்.

1961 கோடையில் அணி இருந்த நிலை

முந்தைய சீசனில் 51 வெற்றி, 28 தோல்வி. இறுதிச்சுற்றில் பாஸ்டனிடம் தோல்வி. முன்வரிசையில் ஆடிய மூன்று வெள்ளை நட்சத்திரங்களும் ஆளுக்கு 20 புள்ளிக்கு மேல் சராசரி வைத்திருந்தார்கள். அன்றைய லீக்கில் வேறு எந்த அணியும் இப்படி ஒரு மூவரை வைத்துக்கொண்டு பெருமைப்பட முடியாது.

குறை பின்வரிசையில். அங்கே நம்பிக்கை தந்த இரண்டாம் வருட கார்டு (பின்வரிசை ஆட்டக்காரர்), ஒரு கறுப்பினர், ராணுவப் பணிக்குப் போக வேண்டியிருந்தது. வெளியிலிருந்து ஷாட் அடித்து எதிரணியின் தற்காப்பை விரிக்க ஒருவர் வேண்டும் என்று பயிற்சியாளர் நினைத்தார்.

அதற்காகத்தான் டிராஃப்டின் முதல் சுற்றில், எட்டாவது தேர்வாக, புதுவீரரை எடுத்தார்கள். நியூ ஜெர்ஸியின் நெவார்க் நகரத்துப் பிள்ளை. வட கரோலினாவில் கறுப்பின மாணவர்களுக்கான ஒரு சிறிய ஆசிரியர் கல்லூரியில் ஆடியவர். கல்லூரிக் காலத்தில் 2,488 புள்ளி. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட கல்லூரியிலிருந்து ஒரு கார்டை முதல் சுற்றிலேயே எடுப்பது அபூர்வம். உயரம் ஆறடிக்குச் சற்று மேல், ஆனால் எகிறினால் வளையத்துக்கு மேலே. இரண்டு கையாலும் ஷாட் அடிப்பார். பயிற்சியாளர் அவரை உட்கார வைத்துப் பழக்குவதற்கு எடுக்கவில்லை, முதல் நாளிலிருந்தே ஆட வைக்க எடுத்தார். இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் இந்த முடிவிலிருந்து கிளைத்ததுதான்.

அக்டோபர், லெக்சிங்டன்

சீசன் தொடங்கும் முன் ஹாக்ஸும் செல்டிக்ஸும் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் ஒரு கண்காட்சி ஆட்டம் ஆடுவதாக இருந்தது. இரு அணியிலும் ஆளுக்கு ஒருவர் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். அவர்களைக் கௌரவிக்கும் நிகழ்ச்சி.

தங்கியிருந்த ஹோட்டலின் காபி ஷாப்பில் பாஸ்டனின் சாம் ஜோன்ஸும் சாட்ச் சாண்டர்ஸும் போய் உட்கார்ந்தார்கள். கறுப்பர்களுக்குப் பரிமாறுவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். படுக்க அறை உண்டு, சாப்பிட மேசை இல்லை. பாஸ்டன் பயிற்சியாளர் பேசிப் பார்த்த பிறகு நிர்வாகம் இறங்கி வந்தது. ஆனால் ரஸ்ஸலும் மற்ற கறுப்பின வீரர்களும் ஆடாமல் ஊருக்குக் கிளம்புவது என்று முடிவு செய்தார்கள். ஹாக்ஸ் பக்கத்திலும் இரண்டு பேர் கிளம்பினார்கள். ஒருவர் அனுபவஸ்தர். இன்னொருவர், லீக்கில் இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடாத நம் புதுவீரர்.

ஆட்டம் நடந்தது, வெள்ளை வீரர்கள் மட்டும் ஆடினார்கள்.

ரஸ்ஸல் கிளம்பினால் அவருக்குப் பின்னால் நான்கு கோப்பைகள் நிற்கும். புதுவீரருக்குப் பின்னால் எதுவும் இல்லை. வேலை உறுதியாகாத நிலையில் அவர் எடுத்த முடிவை நான் மிகப் பெரிய துணிச்சலாகப் பார்க்கிறேன். இந்த நிகழ்வுக்கும் அடுத்து நடந்ததற்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று சொல்ல ஆதாரம் இல்லை. அணிக்குள் அந்த மாதம் நிலவிய காற்று எப்படிப்பட்டது என்பதற்கு மட்டும் இதை இங்கே வைக்கிறேன்.

களத்தில் கவனித்தது

தொடக்க ஆட்டத்திலேயே புதுவீரர் 20 புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். பயிற்சியாளரின் கணிப்பு சரி என்றே தோன்றியது.

அப்புறம் அவருக்குப் பந்து வருவது குறைந்தது. பயிற்சியாளர் வெளிப்படையாகச் சொன்ன குற்றச்சாட்டு இது: முன்வரிசை நட்சத்திரங்கள் புதுவீரரை ஆட்டத்திலிருந்து வெட்டிவிடுகிறார்கள். நட்சத்திரங்களின் தரப்பு வேறு. புதுவீரர் அதிகமாக ஷாட் அடிக்கிறார், தேர்ந்தெடுத்து அடிப்பதில்லை, முன்வரிசையை நம்பி ஆடும் அணியின் இயல்பான ஆட்டம் கெடுகிறது என்பது அவர்கள் வாதம். இனம் இதில் வரவே இல்லை என்று பின்னாளிலும் மறுத்தார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கூடைப்பந்து ஆடியவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும். நீங்கள் ஸ்க்ரீனை, அதாவது எதிராளியை மறித்து நிற்கும் சக வீரரை, சுற்றி ஓடி வெளியே வருகிறீர்கள். கை நீட்டியிருக்கிறது, காவலுக்கு வந்தவன் இரண்டு அடி பின்னால். பந்து வைத்திருப்பவர் உங்களைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு மறுபக்கம் கொடுக்கிறார். ஒரு முறை என்றால் ஆட்டத்தின் போக்கு. பத்து முறை என்றால் அது ஒரு முடிவு. ஆனால் பார்வையாளர் வரிசையிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மறுபக்கம் போன பந்தும் சில நேரம் கூடையில் விழத்தான் செய்யும். பத்து முறை ஏமாந்தவர் பதினோராவது முறை பந்து கிடைத்ததும் அவசரப்பட்டு அடிப்பார், அது தவறும். அந்தத் தவறு மட்டும் ஸ்கோர் ஷீட்டில் ஏறும்.

அன்றைய ஸ்கோர் ஷீட்டில் என்னென்ன இருந்தன? ஷாட், ஃப்ரீ த்ரோ, ரீபவுண்ட், அசிஸ்ட், ஃபவுல், புள்ளி. வராத பாஸுக்குக் கட்டம் கிடையாது. "அதிகமாக அடிக்கிறார்" என்பதற்கு எண் இருந்தது. "கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்" என்பதற்கு எண் இல்லை. இரண்டு தரப்பு மோதும்போது எண் இருக்கும் தரப்புதான் நியாயமாகத் தெரியும்.

பணமும் இதில் இருந்தது. அப்போது ஏஜென்ட் கிடையாது; ஒவ்வொரு வீரரும் உரிமையாளர் முன் தனியாக உட்கார்ந்து சம்பளம் பேச வேண்டும். கையில் காட்ட இருப்பது புள்ளிச் சராசரி. ஓர் ஆட்டத்தில் அடிக்கக் கிடைக்கும் ஷாட்டுகளுக்கு ஒரு எல்லை உண்டு. புதிதாக ஒருவர் பதினைந்து ஷாட் எடுத்தால் அது யாருடைய கையிலிருந்தோதான் போகும். நட்சத்திரங்கள் நடந்துகொண்ட விதத்துக்கு அந்தக் காலத்திலேயே சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று இதுதான்: நிறம் இல்லை, புள்ளி.

இந்த விளக்கத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம். பந்தைப் பங்கு போடும் சண்டை எந்த அணியிலும் வரும். வந்தால் யார் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று உடனே முடிவாகிவிடுவதற்கு, எந்தப் பிள்ளையை வெளியே அனுப்பினால் வேறு அணி கேட்காது என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதற்கு, நிறம் எவ்வளவு உதவியது? பேராசையும் பாகுபாடும் ஒன்றையொன்று விலக்கும் என்று யார் சொன்னது? இந்த நிகழ்வில் ஒன்றின் மேல் ஒன்று சவாரி செய்ததாகவே எனக்குப் படுகிறது.

எடுத்த முடிவுகள்

உரிமையாளர் புதுவீரரைக் கட்டுப்படுத்தச் சொன்னார். அவர் பக்கத்து நியாயம் எளிது: அரங்குக்கு வரும் கூட்டம் அந்த மூவரைப் பார்க்கத்தான் வருகிறது, மூவரும் முகம் சுளித்தால் நட்டம் தனக்கு. அவர் சொந்தக் காசில் அணி நடத்தியவர்.

பயிற்சியாளர் மறுத்தார். தகுதி இருக்கும் வீரரைத் தகுதியைக் காரணம் காட்டாமல் உட்கார வைக்க முடியாது என்பது அவர் நிலை. 14 ஆட்டம் முடிந்திருந்தது, 5 வெற்றி, 9 தோல்வி. உரிமையாளர் பயிற்சியாளரை வேலையிலிருந்து நீக்கினார்.

அடுத்து வந்தவர் புதுவீரரைப் பெரும்பாலும் பெஞ்சில் வைத்தார். மற்ற கறுப்பின வீரர்களில் இருவரையும் அணி வைத்துக்கொள்ளவில்லை, லெக்சிங்டனில் உடன் கிளம்பியவரும் அவர்களில் ஒருவர். அதே சீசனில் இருவரும் சிகாகோ அணிக்கு மாற்றப்பட்டார்கள்.

பின்விளைவு

ஹாக்ஸ் அந்த சீசனை 29 வெற்றி, 51 தோல்வி என்று முடித்தது. முந்தைய வருட இறுதிச்சுற்று அணி. சரி, எல்லாவற்றையும் இந்தத் தகராறின் தலையில் கட்ட முடியாது. ராணுவத்துக்குப் போன கார்டு 20 ஆட்டம்தான் ஆடினார். மூன்று நட்சத்திரங்களில் ஒருவர் காயத்தால் பாதி சீசனை இழந்தார்.

ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். புதுவீரர் விருப்பம்போல் ஷாட் அடித்ததாகச் சொல்லப்படும் முதல் 14 ஆட்டத்தில் 5 வெற்றி, அதாவது 36 சதவீதம். அவரை அடக்கிய பிறகு மீதி 66 ஆட்டத்தில் 24 வெற்றி. அதுவும் 36 சதவீதம். அவரால்தான் அணி தோற்றது என்றால் அவரை உட்கார வைத்ததும் நிலைமை மாறியிருக்க வேண்டும். ஒரு துளிகூட மாறவில்லை. கடைசி சில ஆட்டங்களுக்கு நட்சத்திரங்களில் ஒருவரே பயிற்சிப் பொறுப்பையும் ஏற்று சீசனை முடித்துவைத்தார்.

புதுவீரருக்கு 58 ஆட்டம், சராசரி 5.5 புள்ளி. அடுத்த சீசனுக்கு ஹாக்ஸ் அவரை வைத்துக்கொள்ளவில்லை. வேறு எந்த என்.பி.ஏ. அணியும் எடுக்கவில்லை. முதல் சுற்றுத் தேர்வு, வயது 24, வாழ்க்கையில் ஒரே ஒரு சீசன். ஸ்கோர் ஷீட்டை மட்டும் பார்க்கும் ஒருவர் 5.5 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, இவர் தேறவில்லை போலிருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். பல வருடம் அப்படித்தான் புரட்டினார்கள். அவர் கிழக்குக் கடற்கரையின் சின்ன லீக்குகளில் ஆடினார். பிறகு நெவார்க்குக்கே திரும்பி, அங்குள்ள ஒரு சமுதாயக் கல்லூரியில் இருபது வருடங்களுக்கு மேல் பயிற்சியாளராக இருந்து, நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் வென்றார். 2015-ல் மறைந்தார்.

நீக்கப்பட்ட பயிற்சியாளருக்கு 1965-ல் பால்டிமோரிலும், அதற்குப் பிறகு டெட்ராய்ட்டிலும் மீண்டும் என்.பி.ஏ. வேலை கிடைத்தது. கொள்கைக்காக வேலை இழந்த வெள்ளையருக்குத் திரும்ப வழி இருந்தது. அவர் யாருக்காக இழந்தாரோ அவருக்கு இல்லை.

செயின்ட் லூயிஸ் நகரத்தில் இன்னொரு நிகழ்வு. 1964 டிசம்பர் 26 அன்று பாஸ்டன் செல்டிக்ஸ் அங்கே ஆட வந்தது. வழக்கமாகத் தொடங்கும் ஒருவருக்குக் காயம். அவர் இடத்தில் வில்லி நால்ஸ் இறங்க, பில் ரஸ்ஸல், சாம் ஜோன்ஸ், கே.சி. ஜோன்ஸ், சாட்ச் சாண்டர்ஸ் என்று ஐந்து பேரும் கறுப்பினர். என்.பி.ஏ. வரலாற்றில் முதல் முறை. எதிரே நின்றது ஹாக்ஸ். பாஸ்டன் வென்றது. யாரும் அறிவிப்புச் செய்யவில்லை. அடுத்த ஆளை இறக்கினார்கள், அவ்வளவுதான். 1966-ல் ரஸ்ஸல் அதே அணிக்குப் பயிற்சியாளர் ஆனார்.

ஹாக்ஸும் மாறத்தான் செய்தது. 1967-68-ல் பெரும்பாலும் கறுப்பின வீரர்களை வைத்தே 56 ஆட்டம் வென்றது. ஆனால் அரங்கில் கூட்டம் இல்லை. அந்த ஆண்டே உரிமையாளர் அணியை விற்றார், அணி அட்லாண்டாவுக்குப் போனது. 1961-ல் கூட்டத்தை இழந்துவிடுவோம் என்று பயந்துதான் அவர் ஒரு வீரரை அடக்கினார்.

கூட்டத்தின் நிறம் சம்பளத்தைத் தொடும் என்பது வெறும் ஊகமும் இல்லை. 1988-ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு, ஆட்டத் திறன் சமமாக இருந்தும் கறுப்பின வீரர்கள் சுமார் 20 சதவீதம் குறைவாகச் சம்பளம் வாங்கியதையும், வெள்ளையர் கூடுதலாக இருந்த அணிகளுக்கு டிக்கெட் கூடுதலாக விற்றதையும் காட்டியது.

எதை வேறு மாதிரி செய்திருக்கலாம்

முதலாவது, வெளியேறும் வழி. டிராஃப்ட் செய்த அணிதான் வீரருக்குச் சொந்தக்காரர் என்ற ஏற்பாட்டில் புதுவீரர் கோபித்துக்கொண்டு போக இடம் இல்லை. வீரர்கள் சங்கம் 1954-லேயே தொடங்கியது, ஆனால் பல் முளைக்க நாளானது. 1964 ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு முன் உடை மாற்றும் அறையைவிட்டு வர மாட்டோம் என்று வீரர்கள் உட்கார்ந்த பிறகுதான் ஓய்வூதியமே கிடைத்தது. அணி மாறும் உரிமைக்கு ஆஸ்கர் ராபர்ட்சன் தொடுத்த வழக்கு 1976-ல் சமரசமாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று லீக்கில் பத்தில் சுமார் ஏழு பேர் கறுப்பினர். அது உரிமையாளர்களின் மனம் மாறியதால் மட்டும் வந்ததாக நான் நம்பவில்லை.

இரண்டாவது, சம்பளம். புள்ளிச் சராசரியை வைத்துச் சம்பளம் பேசும்வரை, பந்தைக் கொடு என்று ஒருவரிடம் சொல்வது காசைக் கொடு என்று சொல்வதற்குச் சமம். புதுவீரரை எடுத்த அன்றே, அந்த மூவரின் அடுத்த வருடச் சம்பளம் சராசரி குறைந்தாலும் குறையாது என்று உரிமையாளர் எழுதிக் கொடுத்திருந்தால் "புள்ளிதான் காரணம்" என்ற வாதம் அங்கேயே சோதிக்கப்பட்டிருக்கும். அதன் பிறகும் பந்து வராவிட்டால் காரணம் வேறு என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

மூன்றாவது, பயிற்சியாளர் செய்ததில் எனக்கு இருக்கும் ஒரே குறை. அவர் சரியான பக்கம் நின்றார், அதற்கு விலையும் கொடுத்தார். ஆனால் உரிமையாளர் முன் போனபோது அவர் கையில் இருந்தது தன் கண்ணால் பார்த்தது மட்டுமே. எதிரே மூன்று நட்சத்திரங்களின் வார்த்தை. இப்போது என்றால் 2013-14 சீசனிலிருந்து என்.பி.ஏ. அரங்குகள் எல்லாவற்றிலும் இருக்கும் கேமராக்கள் யார் யாருக்கு எத்தனை பாஸ் கொடுத்தார்கள் என்பதை எண்ணிவிடும். அப்போது அது இல்லைதான். பெஞ்சின் ஓரத்தில் ஒருவரை உட்கார வைத்து, ஒரு பென்சிலும் ஒரு தாளும் கொடுத்து, புதுவீரர் காலியாக நின்ற ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு, பந்து வந்தால் அதன் மேல் குறுக்கே இன்னொரு கோடு என்று போடச் சொல்லியிருக்கலாம். 14 ஆட்டத்துக்கு 14 தாள். வேலை அப்போதும் போயிருக்கலாம். ஆனால் 5.5 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு எண் இருந்திருக்கும். அடுத்த வருடம் வேறு எட்டு அணிகளில் ஏதோ ஒன்றின் மேசையில் அதை எடுத்துக் காட்டியிருக்கலாம்.